பூச்சா, புத்துயிரா?

கணினி விளையாட்டைப் பற்றி ஒரு திறனாய்வா, அதுவும் இவ்விதழிலா என்று நேயர்கள் மூக்கின்மேல் விரல் வைக்கக்கூடும். அரபு இலக்கணமும் தமிழ்ச் செய்யுளும் கற்பித்துக் காலம் கழிப்பவன் இத்துறையில் புகுவது எனக்கே வியப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் இன்று நம் இல்லங்களில் பிள்ளைகள் கதை கேட்பது பெரும்பாலும் திரையிலிருந்துதான். அவர்கள் கேட்கும் கதை எத்தகையது, அது அவர்களின் அறிவை வளர்க்கிறதா, மழுக்குகிறதா என்று பாராமல் "வீண் பொழுது" என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது, நூலைத் திறவாமலே தீர்ப்புக் கூறுவதற்கு ஒப்பாகும்.

என் இளைய மகன் கல்லூரியில் கணினி பயில்பவன். சில திங்களுக்கு முன் ஓர் இரவு, 1990ஆம் ஆண்டில் வெளிவந்த விளையாட்டு ஒன்றைத் திரையில் விரித்து, "அத்தா, இது நான் பிறப்பதற்கு முன்னே வந்தது. இப்போது மறுபடியும் எல்லாரும் இதைத் தேடி ஆடுகிறார்கள்" என்றான். ஆங்கில உரையாடலை அவன் வாசிக்க, விளங்காத சொல்லுக்கு நான் அகராதியைப் புரட்ட, இருவருமாக அமர்ந்தோம். அந்த அமர்வுகளின் விளைவே இக்கட்டுரை.

இவ்வகையின் இலக்கணம்

ஆங்கிலத்தில் 'பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வெஞ்சர்' என வழங்குவதை நாம் 'சுட்டிச் சொடுக்கும் துணிகரக் கதை' எனலாம். இதில் கைவேகத்திற்கு வேலையில்லை. ஓவியமாகத் தீட்டிய ஒரு காட்சி. அதில் ஒரு கதைமாந்தன். ஆடுபவர் ஒரு பொருளைச் சுட்டி 'எடு', 'திற', 'கொடு', 'பேசு' முதலிய வினைகளுள் ஒன்றை ஏவ, அவன் அவ்வண்ணமே செய்கிறான். பூட்டிய கதவு, வழிவிடாத காவலன், அறுந்த பாலம் என ஒவ்வொரு தடையும் ஒரு விடுகதை. விடை கண்டாலன்றிக் கதை நகராது. கதையும் விடுகதையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இவ்வகையின் இலக்கணம்.

இதன் வேர் படமற்ற எழுத்து விளையாட்டில் உள்ளது. 1976 அளவில் வில் குரோதர் என்னும் அமெரிக்கர், தாம் அறிந்த குகை ஒன்றைச் சொற்களாலேயே அமைத்தார். 1977இல் டான் உட்ஸ் என்பார் அதனை விரித்தார். 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் அம்மையார் தம் கணவர் கென்னுடன் வெளியிட்ட 'மிஸ்டரி ஹவுஸ்' எழுத்தோடு கோட்டோவியத்தையும் சேர்த்தது. அவ்விருவரின் நிறுவனமே பின்னர் 'சியரா' எனப் புகழ் பெற்றது. 1987இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் கில்பர்ட், கேரி வின்னிக் ஆகியோர் 'மேனியாக் மேன்ஷன்' என்பதைப் படைத்தனர். அதற்கென அமைத்த 'ஸ்கம்' என்னும் நிரல்மொழி, வினைச்சொற்களைத் திரையின் அடியில் வரிசையாக வைத்துத் தட்டச்சுத் தொல்லையை நீக்கியது.

இவ்விரு நிறுவனங்களும் இரு பள்ளிகளாயின. சியராவின் கதைகளில் ஓர் அடி தவறினால் கதைமாந்தன் மாண்டுபோவான். அதனினும் கொடியது ஒன்று உண்டு. 1990இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' ஐந்தாம் பாகத்தில், தொடக்கத்தில் ஓர் எலியைப் பூனையிடமிருந்து காவாமல் விட்டவர், நெடுநேரம் கழித்துக் கட்டுண்டு கிடக்கும்போது, கயிற்றைக் கடித்து விடுவிக்க எலியின்றி மாள்வார். தவறு எங்கே நேர்ந்தது என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. இத்தகைய அநீதிகளைக் கண்டித்து 1989இலேயே கில்பர்ட் ஒரு கட்டுரை எழுதினார். ஆடுபவரை அறியாமலே முட்டுச்சந்தில் நிறுத்தலாகாது என்பது அதன் சாரம். மறு ஆண்டே அக்கொள்கைக்கு இலக்கியமாக 'குரங்குத் தீவின் இரகசியம்' வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. கில்பர்ட்டுடன் டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் ஆகியோரும் அதனை எழுதினர்.

சொற்போரும் வாட்போரும்

என் மகன் காட்டியது இதைத்தான். கைபிரஷ் திரீப்வுட் என்னும் அப்பாவி இளைஞன் கடற்கொள்ளையனாக விரும்பி மெலே தீவிற்கு வருகிறான். அவனுக்கு வைக்கப்படும் மூன்று சோதனைகளுள் ஒன்று வாட்போர். அப்போரை நான் கண்டபோது நிமிர்ந்து அமர்ந்தேன். அங்கே வாள் வெல்வதில்லை, வாயே வெல்கிறது. எதிரி ஒரு வசையை வீசுகிறான். அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் மறுமொழி கூறினால் அவன் பின்வாங்குவான். தடுமாறினால் நாம் பின்வாங்க வேண்டும்.

அரபு பயின்றோர்க்கு இது புதிதன்று. உமையாக்கள் காலத்துப் பெருங்கவிகளாகிய ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒருவரையொருவர் வசைபாடினர். ஒருவர் எடுத்த யாப்பிலும் இயைபிலுமே மற்றவர் மறுப்புரைக்க வேண்டும் என்பது அப்போரின் விதி. 'நகாயிழ்' என அவற்றைத் தொகுத்துப் போற்றுகிறோம். தமிழிலோ காளமேகத்தின் நாவை அறியாதார் யார்? பகைவன் கொடுத்த அச்சிலேயே அவனுக்கு விடை வார்ப்பது பழம் புலவர்களின் வித்தை. அதை அமெரிக்க இளைஞர் மூவர் ஒரு விளையாட்டில் வைத்திருப்பது கண்டு மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சிக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மறுமொழி தெரியாதவன் தோற்றே கற்கவேண்டும். தோற்ற இடத்தில் ஒரு வசையைக் கற்கிறான்; அதை மற்றொருவன்மேல் வீசி, அவன் தரும் விடையைக் கற்கிறான். இவ்வாறு சேர்த்த சொற்களோடு இறுதியில் வாள் வல்லுநர் கார்லாவை எதிர்கொள்கிறான். அவள் வீசும் வசைகளோ அவன் கேட்டறியாதவை! ஆனால் கற்ற மறுமொழிகளே வேறொரு பொருளில் அவற்றுக்குப் பொருந்துகின்றன. மனனம் செய்தவன் அங்கே விழிப்பான். பொருள் உணர்ந்தவன் வெல்வான். பாடநூலின் எடுத்துக்காட்டை ஒப்பித்துவிட்டுப் புதிய வாக்கியத்தில் எழுவாயைக் காட்டத் தெரியாமல் நிற்கும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்பவன் நான். இவ்வளவு செம்மையான தேர்வை ஒரு விளையாட்டில் எதிர்பார்க்கவில்லை.

வீழ்ச்சி

இத்துணைச் சிறப்புடைய வகை பத்தே ஆண்டுகளில் நலிந்தது. முப்பரிமாணப் படமும் துரித ஆட்டமும் சந்தையைக் கைப்பற்றியது ஒரு காரணம். எனினும் முழுப் பழியையும் காலத்தின்மேல் சுமத்துதல் நேர்மையன்று. விடுகதைகளும் கெட்டுப்போயின. 1999இல் வந்த 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகத்தில் நாயகன் தன் நண்பன் போல் வேடமிட்டு ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்காகப் பூனையின் மயிரை ஒட்டுநாடாவில் பிடித்து, இனிப்புப் பாகால் உதட்டின்மேல் ஒட்டி மீசையாக்குகிறான். வேடிக்கை என்னவெனில் அந்த நண்பனுக்கு மீசையே இல்லை! ஆகவே நண்பனின் கடவுச்சீட்டுப் படத்திலும் மீசை வரைய வேண்டும். இதை அறிவால் எட்ட முடியாது. ஆசிரியரின் மனத்தில் ஓடியது எது என்று ஊகிக்கத்தான் முடியும். விடையைக் கேட்டவுடன் "அடடா, எனக்குத் தோன்றவில்லையே!" என்று நெஞ்சு சொன்னால் அது விடுகதை. "இது எப்படித் தோன்றும்?" என்று சினம் எழுந்தால் அது வெறும் மறைப்பு. மறைப்பு மிகுந்தபோது மக்கள் விலகினர். லூகாஸ் நிறுவனமும் 2004இல், உருவாகிக் கொண்டிருந்த 'சாம் அண்ட் மேக்ஸ்' தொடர்கதையைக் கைவிட்டது.

மீட்சியின் மூன்று வழிகள்

வீழ்ந்தது மீண்டும் எழுந்ததில் மூன்று வழிகளைக் காண்கிறேன்.

முதலாவது, காத்தல். 2001இல் தோன்றிய 'ஸ்கம் விஎம்' என்னும் இலவச நிரல், பழைய விளையாட்டுகளை அவற்றின் மூல உருவிலேயே இன்றைய கணினிகளில் ஓடச் செய்தது. ஆர்வலர் பலர் கூடி வளர்த்த பணி இது. செல்லரிக்கும் ஏட்டை எழுத்துப் பிசகாமல் படியெடுத்து வைத்த பெருமக்களின் தொண்டிற்கு இதனை ஒப்பிடலாம். அவ்வேடுகள் இல்லையேல் நமக்கு ஆராயவும் பொருளில்லை, பெருமை பேசவும் வழியில்லை.

இரண்டாவது, பூசுதல். 2009இல் 'குரங்குத் தீவின் இரகசியம்' புதிய ஓவியமும் குரலும் பெற்று வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய காட்சியும் மறுபடி அழுத்தினால் புதிய காட்சியும் தோன்றும். மூலத்தையும் உரையையும் ஒரே பக்கத்தில் அச்சிடுவது போன்ற நேர்மை இது. இவ்வழியிலேயே 'கிரிம் ஃபண்டாங்கோ' 2015இலும், 'டே ஆஃப் தி டென்டக்கிள்' 2016இலும் மெருகேறின.

ஆனால் பூச்சு வேலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு நம்மைச் சுடும் சான்று ஒன்றைக் கூறுவேன். இங்கிலாந்தின் ரெவல்யூஷன் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 'புரோக்கன் சுவார்டு' என்னும் கதை, டெம்ப்ளர் என்னும் சிலுவைப் போர் வீரர் கூட்டத்தின் இரகசியத்தைத் தேடிச் செல்வது. பாரிசில் தொடங்கும் தேடல் ஒரு கட்டத்தில் சிரியாவுக்குச் செல்கிறது. அங்குள்ள ஊரின் பெயர் 'மாரிப்' என்கின்றனர்! மாரிப் என்பது எமன் நாட்டில், சபா அரசின் தலைநகராய் விளங்கிய தொன்னகரம். அதன் பேரணை வரலாற்றுப் புகழ் பெற்றது. அதைப் பெயர்த்துச் சிரியாவில் நட்டு, 'அலமூத்' என்னும் பாரசீகக் கோட்டையின் பெயரை அங்கொரு விடுதிக்கும் சூட்டியிருக்கின்றனர். கீழைநாட்டிற்கு எந்தப் பெயரும் பொருந்தும் என்னும் மெத்தனமே இதில் தெரிகிறது. 2024இல் அதே கதை உயர் துல்லிய ஓவியத்தோடு மறுவார்ப்புப் பெற்றது. சுவரும் வானமும் புதுவண்ணம் கொண்டன. கதை தன் பழைய பாதையிலேயே நடக்கிறது. பூச்சு வேலைக்காரர் சுவரின் நிறத்தைத்தான் பார்ப்பார். அடித்தளம் கோணலா என்று கேளார். விறுவிறுப்பிலும் உரையாடலின் நயத்திலும் அக்கதை சிறந்ததென ஒப்புகிறேன். சிறந்ததாக இருப்பதாலேயே இக்குறை வருத்துகிறது.

மூன்றாவது, புதிதாகப் படைத்தல். 2012 பிப்ரவரியில் டிம் ஷேஃபர், பழைய பாணியில் ஒரு விளையாட்டு இயற்ற 4 லட்சம் டாலர் வேண்டுமென மக்களிடமே 'கிக்ஸ்டார்ட்டர்' வழியாகக் கேட்டார். 87,000க்கும் மேற்பட்டோர் 33 லட்சம் டாலருக்கு மேல் வழங்கினர். செத்ததாகச் சந்தை எழுதிவிட்ட வகைக்கு வாசகரே உயிர் கொடுத்த நிகழ்ச்சி அது. ஆயினும் 2014, 2015ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்த 'புரோக்கன் ஏஜ்' எழில் மிக்கதாயினும், முதற்பகுதி மிக எளிதாகவும் இரண்டாம் பகுதி அதற்கு ஈடுகட்டுவது போலக் கடினமாகவும் அமைந்து சமநிலை இழந்தது. 2017இல் கில்பர்ட்டும் வின்னிக்கும் மீண்டும் கூடி வெளியிட்ட 'திம்பிள்வீட் பார்க்' 1987ஆம் ஆண்டில் நிகழ்வது. ஒன்பது வினைச்சொற்களும் திரையின் அடியில் பழையபடியே அணிவகுத்தன. திறமான படைப்புத்தான். ஆனால் பழமையை அவ்வளவு இறுகத் தழுவியதால், முன்னர் ஆடியவரை நோக்கிக் கண் சிமிட்டுவதிலேயே பாதிச் சுவை செலவாகிவிடுகிறது; புதிதாய் வருபவர் பிறர் வீட்டு விருந்தில் நிற்பவர் போலாகிறார்.

மீண்டும் தீவுக்கு

அரபு உரைநடையில் 'மகாமாத்' என்னும் வகையைத் தொடங்கியவர் ஹிஜ்ரி 398இல் மறைந்த பதீஉஸ் ஸமான் ஹமதானீ. ஒரு நூற்றாண்டு கழித்து ஹரீரீ அதே வகையில் ஐம்பது மகாமாக்களை இயற்றினார். முன்னோரின் கடனை முகவுரையிலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் அடிச்சுவட்டில் நடந்து நின்றுவிடவில்லை. அதனால்தான் இன்றும் நம் மதரஸாக்களில் ஹரீரீ பாடமாக உள்ளார். கடனை ஒப்புதல், அதன்பின் தன் காலால் நடத்தல் என்னும் இவ்விரண்டையும் புத்துயிரின் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அவ்வளவுகோலால் அளக்கத் தக்கது 2022 செப்டம்பர் 19இல் வெளிவந்த 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்'. இரண்டாம் பாகத்தை 1991இல் முடித்து விலகிச் சென்ற கில்பர்ட், கிராஸ்மனுடன் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் தீவுக்குத் திரும்பினார். ரெக்ஸ் கிரௌல் தலைமையில் தீட்டிய ஓவியம் பழைய புள்ளி ஓவியமும் அன்று, மெருகூட்டிய மறுவார்ப்பும் அன்று. கோணல்மாணலாக வெட்டி ஒட்டிய காகிதச் சித்திரம் போன்ற புதிய பாணி. முன்னோட்டம் வந்ததும் பழைய அன்பர்களுள் ஒரு சாரார் கொதித்தெழுந்தனர். கில்பர்ட்டின் சொந்தத் தளத்திலேயே இழிமொழிகள் குவிய, இனி அங்கே அவ்விளையாட்டைப் பற்றிப் பேசுவதில்லை என அவர் ஒதுங்கினார். ஓர் ஆசிரியரைத் தம் இளமையின் காவலாளியாக நியமித்துக் கொண்டு, அவர் வளர்ந்ததற்காக ஏசுவது அன்பாகுமா? அவ்வோவியம் எனக்கும் முதலில் உறுத்தியது. ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. கேலியும் கனவும் கலந்த இக்கதைக்கு அதுவே தகும் எனப் பின்னர்த் தெளிந்தேன்.

கதை சொல்லும் முறை அழகானது. முதியவனாகிய கைபிரஷ் ஒரு பலகையில் அமர்ந்து, தன் சிறு மகனுக்குப் பழங்கதை கூறுகிறான். மகன் இடைமறித்து வினவுகிறான்; தந்தை மழுப்புகிறான். கதைக்குள்ளோ கைபிரஷ், இரகசியம் ஒன்றே குறியாய் எதையும் மிதித்துச் செல்கிறான். அவன் மனைவி எலைன் உடன் நடந்தவாறே, அவன் தேடலால் பிறர்க்கு விளைந்த தீங்குகளைக் கடிந்து பேசாமல் ஒவ்வொன்றாக நினைவூட்டும் காட்சியே இப்படைப்பின் சிகரம் என்பேன். 1990இன் கதையில் நாயகன் எதைத் திருடினாலும் நாம் சிரித்தோம். 2022இன் கதை அச்சிரிப்பிற்குக் கணக்குக் கேட்கிறது. எழுதியவர்கள் முதிர்ந்திருக்கிறார்கள்.

குறைகளும் இல்லாமலில்லை. நான்காம் பகுதியில் பொற்சாவிகளைத் தேடித் தீவுக்குத் தீவு அலையும் அலைச்சல் மிகுதி. இறுதிப் பகுதி அவசரமாக முடிகிறது. பேழையுள் இருப்பது எது என்பதை இங்கே எழுதுவது முறையன்று. அஃது ஓர் அற்பப் பொருள் என்று மட்டும் சொல்வேன். "இதற்குத்தானா முப்பது ஆண்டு?" என்று மகன் சலித்தான். தேடலே பொருள் என்னும் கருத்தில் எனக்கு உடன்பாடுண்டு. ஆயினும் வாக்களித்தவர் வாக்கைக் கேலியாக்கி நழுவும் சாயலும் அங்கே உள்ளது. பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று: இரத்தமும் ஆபாசமும் இல்லையெனினும் கொள்ளையர், மதுக்கடை, சூனியக்காரி என்பனவெல்லாம் இக்கதைகளில் நகைச்சுவைப் பொருள்கள். சிறு பிள்ளைகளெனில் உடனிருந்து காண்பது நன்று.

குறிப்பேடு

இறுதியாக, எனக்கு மிக நெருக்கமான ஒன்று. 1990இன் கதையில் என் மகன் சிக்கிய இடங்களிலெல்லாம் கைப்பேசியில் விடையைத் தேடிப் பத்தே நொடியில் கண்டுபிடித்தான். கார்லாவின் வசைகளுக்கும் அவ்வாறே. கதை இரண்டு இரவில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து, "அந்த மறுமொழிகளில் ஒன்று சொல்" என்றேன். அவனுக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

2022இன் கதையை எழுதியவர்கள் இந்நோயை அறிந்திருக்கிறார்கள். நாயகன் கைப்பொருள்களுள் ஒன்றாகவே ஒரு குறிப்பேட்டைத் தந்திருக்கிறார்கள். சிக்கியவர் அதைத் திறந்தால் விடை உடனே கிடைப்பதில்லை. முதலில் "எங்கே நோக்கவேண்டும்" என்னும் சாடை. இன்னும் கேட்டால் அதனினும் தெளிந்த ஒரு சொல். மேலும் மேலும் வேண்டினால்தான் முழு விடை. முற்காலத்தில் இந்நிறுவனங்கள் துப்புப் புத்தகங்களை விற்றும், கட்டணத் தொலைபேசியில் விடை கூறியும் பணம் ஈட்டின. அன்று வணிகமாயிருந்தது இன்று கற்பிக்கும் முறையாகியிருக்கிறது. அவ்வேட்டைத் துணைகொண்டு ஆடியபோது மகன் பெரும்பாலும் முதற்சாடையிலேயே நிறுத்திக்கொண்டான். "இருங்கள் அத்தா, சொல்லிவிடாதீர்கள், நானே பார்க்கிறேன்" என்று என்னையும் தடுத்தான்.

அச்சொல்லைக் கேட்டதும் என் ஆசிரியப் பெருந்தகை நினைவுக்கு வந்தார். நான் மாணவனாயிருந்த காலத்தில் ஓர் அரபு வாக்கியத்தில் ஒரு சொல்லின் ஈற்றுக்குறி எதுவெனத் தெரியாமல் அவரிடம் ஓடினேன். ஹஜ்ரத் அவர்கள் விடை கூறவில்லை. "அச்சொல்லைத் தொழிற்படுத்துவது எது என்று தேடு" என்றார். மறுநாள், "முன்னால் மட்டுமா தேடுகிறாய்?" என்றார். மூன்றாம் நாள் நானே கண்டேன். அன்று அவர் முகத்தில் மலர்ந்த புன்னகையை இன்றும் மறக்கவில்லை, அவ்விதியையும் மறக்கவில்லை. பிற்காலத்தில் ஆசிரியனான நானோ, பாடத்தை முடிக்கும் அவசரத்தில் எத்தனை மாணவர்க்கு முதல் நாளிலேயே விடையைச் சொல்லித் தீங்கிழைத்திருக்கிறேன்! ஒரு விளையாட்டின் குறிப்பேடு அதை எனக்கு உணர்த்தியது.

ஓவியம் பழையதா புதியதா என்னும் சண்டை மேற்பரப்பைப் பற்றியது. இவ்வகைக் கதையின் உயிர், விடை தெரியாமல் நிற்கும் அந்தப் பொழுதில் உள்ளது. அந்நிற்றலைச் சிறையாக்கியவர்கள் இவ்வகையைக் கொன்றனர். அதை நீக்கிவிட்டு அழகை மட்டும் காட்டுபவர்கள் பிணத்திற்குப் பூச்சூட்டுகின்றனர். அதைப் பொறுக்கத்தக்கதாக்கித் தருபவர்களே புத்துயிர் அளிப்போர். விரலை அசைத்தால் விடை கொட்டும் காலத்தில், நம் பிள்ளைகள் சற்றுநேரம் அறியாமையோடு அமர்ந்து சிந்திக்கும் ஓர் இடம் திரையிலேயே கிடைக்குமானால் அதை நாம் ஏன் வெறுக்கவேண்டும்? ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையின் அருகே அமர்ந்து பாருங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லிவிடாதீர்கள்.